பழம் காத்திருக்காது

சேலத்துப் பக்கம் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் இருந்து சோறு வரும். பதினாறாம் நாள் காரியம் நடக்கும், பிறந்த வீட்டார் கோடி எடுத்து வருவார்கள். இந்த வழக்கங்களில் பல எனக்குப் பிடிக்காதவை. கணவனை இழந்தவளை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் பெண்கள் கூடிச் செய்கிற சடங்கைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஆனால் அந்தப் பதினாறு நாளும் யார் எங்கே நிற்க வேண்டும், என்ன பேச வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று ஊருக்கே தெரியும். துக்கத்தில் இருப்பவர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

கல்யாணம் முறிந்த வீட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சோறு கொண்டுவருவார் இல்லை. வருகிறவர்களும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: யார் மேல தப்பு? பல வருடம் ஒரே வீட்டில், ஒரே குக்கர் சத்தத்தில் வாழ்ந்த வாழ்க்கை போய்விட்டது. அதற்காக ஒருத்தி அழலாம் என்றே நம் ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை. மூன்று தோழிகள் ஒரு காப்பிப் பருவத்தைச் சேர்வராயன் மலையில் சேர்ந்து கழித்தோம். அதை எழுத நினைத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

மூவரும் சேலத்தில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி. பெயர் போட வேண்டாம் என்று மற்ற இருவரும் கேட்டுக்கொண்டார்கள். விடுதியில் கூப்பிட்ட மாதிரியே ஊரை வைத்து எழுதுகிறேன்.

ஆத்தூர்க்காரி கல்யாணமாகி மலைக்குப் போனவள். கணவருக்கு நாகலூர்ப் பக்கம் சின்னத் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் அரபிக்கா காப்பி, அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, வீட்டை ஒட்டி நாலைந்து ஆரஞ்சு மரம். புரட்டாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

என் தம்பி அதற்கு முன்பே, ஆனியில், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான். எனக்கு அடுத்துப் பிறந்தவன். அக்கா என்பதால் எல்லாக் காகிதமும் என் கைக்கு வந்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும் படிகள் எடுக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ், அப்புறம் வங்கி, இன்சூரன்ஸ், அவன் வண்டியின் ஆர்.சி. புத்தகம். ஒவ்வொரு கவுன்டரிலும் அவன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்து அழுவதற்கு நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை.

அம்மாபேட்டைக்காரி தறி வீட்டுப் பெண். அவளும் கணவரும் சேர்ந்தே விவாகரத்து மனு போட்டிருந்தார்கள். பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனு போட்ட பின் பொதுவாக இன்னும் 6 மாதம் காத்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ வழியே இல்லை என்று நீதிமன்றம் கருதினால் அந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை. இருக்கட்டும், காத்திருக்கிறேன் என்றாள். ஐப்பசியில் தொடங்கியது அந்தக் காத்திருப்பு. யாருடைய மனைவி, யாருடையவள் இல்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியாத ஆறு மாதம்.

கார்த்திகை பிறந்ததும் ஆத்தூர்க்காரியிடமிருந்து போன். "பழம் பழுத்துக் கிடக்குதுடி. ஆளுங்க வந்து எப்பத் தொடங்கலாம்னு கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு எந்திரிச்சு வாசலுக்குப் போக முடியல." அவ்வளவுதான் சொன்னாள். வந்து உதவுங்கள் என்று கேட்கக்கூட இல்லை.

மறுநாள் நானும் அம்மாபேட்டைக்காரியும் அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தோம். ஆறுதல் தேடிப் போகவில்லை. மனசு சரியில்லை என்றால் ஏற்காட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வா என்று சேலத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பணமும் லீவும் இருப்பவர்களுக்கான வைத்தியம். பெரும்பாலும் பலிப்பதும் இல்லை. அறைக்குள் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்தால் துக்கம் இன்னும் இறுகத்தான் செய்யும். நாங்கள் போனது வேலைக்கு.

காப்பிப் பழம் காத்திருக்காது. கனிந்து சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். விட்டால் செடியிலேயே கறுத்துக் காயும், கீழே உதிரும். உதிர்ந்ததிலும் விட்டுப்போனதிலும் காய்த்துளைப்பான் வண்டு தங்கி அடுத்த வருட விளைச்சலையும் கெடுக்கும். ஒரே நாளில் எல்லாம் பழுக்காது என்பதால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பச்சையை விட்டு, சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளையை ஒரு கையால் வளைத்து இன்னொரு கையால் பறிக்கிறார்கள். முதல் சில நாள் எங்கள் கையில் பச்சையும் சேர்ந்து வந்தது. சாயங்காலம் தரையில் கொட்டிப் பிரிக்கும்போது எது யார் பறித்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தோட்டத்துக்குப் பறிக்க வந்தவர்கள் பக்கத்து ஊர்களின் மலையாளி பழங்குடிப் பெண்கள். சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள், தமிழ்தான் பேசுகிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களை நடத்திக்கொண்டு வந்தவர் ஒரு வயதான ஆயா. எங்கள் கதை அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. ஆனால் துக்கம் விசாரிக்கவில்லை. ஆத்தூர்க்காரியைப் பார்த்து, "கீழ்க்காட்டுல காட்டெருமை வந்துட்டுப் போயிருக்குது கண்ணு, வேலிய யாரைப் பார்க்கச் சொல்லட்டும்?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கீழ்க்காட்டுக்கு நடந்தாள். பல வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவள் வாசற்படி தாண்டினாள். வருடம் திரும்பாமல் வெளியே கிளம்பக் கூடாது என்று சொல்லிவைத்திருந்த உறவுக்காரர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்களுக்குக் கை கொடுத்த அந்த வேலை, அந்தப் பெண்களுக்குக் கூலி. அந்த ஆயா தன் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். காரியம் முடிந்த மறுநாளே சாக்கைக் கட்டிக்கொண்டு பறிப்புக்கு வந்ததாக அவரோடு வந்த பெண்கள் சொன்னார்கள். வேறு வழி இருக்கவில்லை. மலை மனசை ஆற்றும் என்று எழுதுகிறவர்கள், மலையிலேயே பிறந்து அங்கேயே தன் பிள்ளைகளைப் புதைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வாரநாளில் சேலத்துக்கு இறங்கி வேலையைப் பார்ப்பதும் வாரக் கடைசியில் ஏறுவதுமாக இருந்தேன். அம்மாபேட்டைக்காரி அங்கேயே தங்கிவிட்டாள். பறித்ததைக் களத்தில் காயப்போடுவது அவள் பொறுப்பு. பழமாகவே காயவைக்க நல்ல வெயிலிலும் இரண்டு வாரம் ஆகும். மெல்லிசாகப் பரப்பிப் பலகையால் அடிக்கடி கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், பனி இறங்கும். காலையில் மறுபடி பரப்ப வேண்டும். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆடும். அப்போதுதான் காய்ந்தது என்று கணக்கு. ஐந்தாறு கிலோ பழம் காய்ந்து தோல் நீங்கினால் ஒரு கிலோ கொட்டைதான் மிஞ்சும்.

கிளறிக்கொண்டே பேசுவோம். மூவரும் களத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவோமே தவிர ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்ல முடியாதது பக்கத்தில் நின்றால் வாய்க்கு வந்தது. கணவர் இறந்த அன்று வண்டியில் அவர் தலையைத் தன் மடியில் வைத்திருந்ததையும், எத்தனையாவது வளைவில் அவர் கை தளர்ந்தது என்பதையும் ஆத்தூர்க்காரி களத்தில்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தாள். நாங்களும் கிளறினோம். ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. மார்கழியில் ஒரு நாள் பெரிய சண்டை. ஆத்தூர்க்காரி கூடத்துப் போட்டோவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாபேட்டைக்காரி திடீரென்று, "உனக்காவது அழறதுக்கு ஒரு போட்டோ இருக்குது. நான் எதை வெச்சு அழறது? அவன் உயிரோட இருக்கான், டெய்லி ஸ்டேட்டஸ் போடறான்" என்றாள். ஆத்தூர்க்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல், "உயிரோட இருக்கான்ல? அது பத்தாதா உனக்கு?" என்றாள்.

அதற்குப் பின் அன்றைக்கு முழுக்கப் பேச்சே இல்லை. இருவரும் ஒரே களத்தில் ஆளுக்கொரு மூலையில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் அதை நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருத்திக்குத் திரும்பி வரவே முடியாதவன் மேல் ஏக்கம். இன்னொருத்திக்கு, வர முடிந்தும் வராமல் இருப்பவன் மேல். எது பெரியது என்று நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. ஆனால் நம் ஊர் நிறுத்துப் பார்க்கிறது. சாவு பெரிய துக்கம், விவாகரத்து அவமானம், காதல் தோல்வி வயசுக் கோளாறு. கூடப்பிறந்தவனை இழந்தவளையோ கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். "அம்மாவைப் பார்த்துக்கோ, தம்பி பொண்டாட்டியைப் பார்த்துக்கோ" என்பார்கள். தம்பி போய் ஐந்து மாதமாகியும், நீ எப்படி இருக்கிறாய் என்று என்னிடம் கேட்டவர்கள் இந்த இரண்டு பேர் மட்டும்தான்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. வடகிழக்குப் பருவமழையின் கடைசிச் சுற்று, முன்னறிவிப்பே இல்லாமல். குவித்து மூடியிருந்த தார்ப்பாயைக் காற்று ஒரு பக்கம் தூக்கிவிட்டது. பாதி காய்ந்த காப்பி நனைந்தால் ஒரு மாத உழைப்பு போச்சு. மூவரும் நைட்டியோடு ஓடினோம். டார்ச் ஒருத்தி கையில், கல் இன்னொருத்தி கையில். அம்மாபேட்டைக்காரி தார்ப்பாயின் மேலேயே குப்புறப் படுத்துவிட்டாள். ஆத்தூர்க்காரி அவள் பக்கத்தில் விழுந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். நான் கல் தூக்கிவந்து அடுக்கினேன். அடுக்கி முடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. மழையில் அப்படியே கிடந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்கள். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். ஆனியிலிருந்து வராத அழுகை அன்றைக்கு எனக்கு வந்தது. தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினேன். தோட்டத்து நடுவில் கேட்பதற்கு யாரும் இல்லை. சேலத்தில் என் வீட்டில் அப்படிக் கத்தியிருக்க முடியாது. அம்மா பக்கத்து அறையில் இருப்பாள்.

காலையில் ஆளுக்கொரு சுக்குக் காப்பி. சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை, இன்றுவரை பேசியதும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது. அதைத் தனியே பிரித்துப் பரப்பினோம்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-இல் அதை முன்வைத்தது சாகப்போகிற நோயாளிகளோடு பேசியதை வைத்து. பறிகொடுத்தவர்களை வைத்து அல்ல. அந்த வரிசையில் எங்கள் மூவர் அனுபவமும் அடங்கவில்லை. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியது எங்களுக்கு நெருக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் திரும்புகிறார். இப்படி மாறி மாறிப் போய்வருவதில்தான் ஆள் தேறுகிறார் என்கிறார்கள். முழு நேரமும் அழுதாலும் சிக்கல், முழு நேரமும் வேலையில் ஒளிந்துகொண்டாலும் சிக்கல். நான் தாலுகா ஆபீஸில் ஒளிந்துகொண்டிருந்தேன், ஆத்தூர்க்காரி போர்வைக்குள் கிடந்தாள். களத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

உடம்பையும் பார்க்க வேண்டும். தையில் ஆத்தூர்க்காரிக்கு நெஞ்சை அடைத்தது. அவர் போன அதே வழியில் அவளையும் கொண்டு இறங்கியபோது எனக்கு ஈரக்குலை நடுங்கியது. பெரும் அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை உப்பித் தளர்ந்துபோகும் ஒரு நிலை உண்டு. ஜப்பானில் 1990-இல் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். மாரடைப்பு மாதிரியே வலிக்கும், ஆனால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரத்தில் தேறிவிடுகிறார்கள். டாக்டர் அதையும் சேர்த்துச் சோதித்தார். அவளுக்கு அது இல்லை. தூக்கமே இல்லாத உடம்பு, பதற்றம். மனநல மருத்துவரிடம் அனுப்பினார். மருந்து எடுத்துக்கொண்டாள், இப்போதும் போய்வருகிறாள். தோழிகள் இருந்தால் டாக்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் இல்லாதவர்களுக்கு 14416 என்று அரசின் டெலிமானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அன்று திரும்பி ஏறும்போது லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கீழே சேலம் முழுக்க விளக்கு. பகலில் வந்தால் மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மேடுகளும், வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் மேட்டூர் நீர்ப்பரப்பும் தெரியும். தம்பி இருந்த ஆஸ்பத்திரியின் விளக்கு எது என்று என் கண் தேடியது. அவள் அதைக் கவனித்துவிட்டாள். "அங்கதானே?" என்று கை காட்டினாள். நான் தலையாட்டினேன். "அவனைப் பத்தி ஏதாச்சும் சொல்லுடி. செத்தது வேணாம். சின்ன வயசுல" என்றாள். மாம்பழக் காலத்தில் மல்கோவாவை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்துவிட்டு, எந்த டிரம் என்று மறந்துபோய், வீடே நாறும்வரை தேடியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். தம்பி போனதற்குப் பிறகு அவன் பெயர் வந்த பேச்சில் யாரோ சிரித்தது அதுதான் முதல்.

மாசியில் காய்ந்த காப்பியை எடை போட வியாபாரி வந்தார். இந்த மலைக்குக் காப்பி எப்படி வந்தது என்று பேச்சு வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஆத்தூர்க்காரியின் கணவர் சொல்லும் கதை அது: 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டது. நாங்கள் விடுதித் தோழிகளாக முதல் தடவை வந்தபோதும் சொன்னார். இப்போது சொல்ல ஆள் இல்லை என்று ஒரு நொடி எல்லோரும் சும்மா இருந்தோம். அம்மாபேட்டைக்காரி தொடங்கினாள், அவர் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு. ஆத்தூர்க்காரி நடுவில் ஒரு திருத்தம் சொன்னாள். வியாபாரி எடை போட்டார், விலை பேசினார். பேரத்தில் ஆத்தூர்க்காரி விட்டுக்கொடுக்கவில்லை.

பங்குனியில் பூமழை. நல்ல மழை ஒன்று பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை வாசம். மூன்று நாலு நாளில் வாடிவிடும். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

சித்திரையில் அம்மாபேட்டைக்காரிக்குத் தீர்ப்பு வந்தது. குடும்ப நல நீதிமன்றத்தில் மூவரும் இருந்தோம். உள்ளே வேலை முடிய அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் படியில் நின்றாள். அவள் அம்மா வீட்டில் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. டிவி ஓடும், அதுதான் நடக்கும்.

ஆத்தூர்க்காரி முன்கூட்டியே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். எங்களைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கால் கழுவச் சொன்னாள். வாழையிலை போட்டிருந்தது. எண்ணெய்ச் சட்டி வைத்து உளுந்துவடை சுட்டிருந்தாள், பாயசமும் இருந்தது. தன் கையால் அவளுக்கு ஒரு புடவை கொடுத்தாள். அம்மாபேட்டைத் தறியில் நெய்தது, மாம்பழ மஞ்சள். "எனக்கு எங்கண்ணன் கோடி போட்டப்ப வெள்ளையா எதையோ போர்த்துனாங்க. நான் யாருன்னே எனக்குத் தெரியல அன்னைக்கு. உனக்கு நிறமா எடுத்தேன்" என்றாள். அம்மாபேட்டைக்காரி புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அழுது முடித்ததும் உட்கார்ந்து சாப்பிட்டாள், மறுசோறு வாங்கி.

கணவனை இழந்தவள் கையால் நல்லது கெட்டதுக்குப் புடவை வாங்கக் கூடாது என்று சொல்கிற ஊரில், நான் பார்த்ததிலேயே நிறைவான சடங்கு அது.

இப்போது அம்மாபேட்டைக்காரி சேலத்தில் வேலைக்குப் போகிறாள், வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். இன்னும் சில ராத்திரி போன் பண்ணி ஒன்றும் பேசாமல் இருப்பாள். நானும் வைக்காமல் இருப்பேன். தோட்டத்தை விற்கச் சொல்லி ஆத்தூர்க்காரியின் மாமனார் வீட்டில் நெருக்குகிறார்கள். அவள் முடிவு பண்ணவில்லை. ஆனால் தண்டுத்துளைப்பான் விழுந்த செடிகளைப் பிடுங்கி எரித்தாகிவிட்டது, கவாத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. போன வாரம் பேசும்போது, "கார்த்திகைக்கு ரெண்டு பேரும் லீவு சொல்லிருங்க, நல்ல தார்ப்பாயா ஒண்ணு லீ பஜார்ல பார்த்து வாங்கிட்டு வாங்க, பழசு ஓட்டை" என்றாள். அளவு கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.